ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070, 5070 டிஐ: ஓவர்கிளாக் செய்ய எதில் இடம் இருக்கிறது?

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070, 5070 டிஐ ஆகிய இந்த நான்கு கிராபிக்ஸ் கார்டுகளில் எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்கள் கடைசியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். விலை குறைந்ததை வாங்கி ஓவர்கிளாக் செய்தால் (தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால்), அதற்கு மேலே இருக்கும் கார்டைப் பிடித்துவிட முடியுமா?

சில ஜோடிகளில் கிட்டத்தட்ட முடியும். சில ஜோடிகளில் மென்பொருளின் எந்த ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் முடியாது. எந்த ஜோடி எந்த ரகம் என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸைப் பார்த்தால் தெரியாது. அந்தக் கார்டை முதலில் தடுத்து நிறுத்துவது எது என்று பார்க்க வேண்டும். மின்சார வரம்பா, வோல்டேஜா, மெமரியா, சூடா? அல்லது சிப்பிலேயே அதற்கு மேல் ஒன்றும் இல்லையா? அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மெகாஹெர்ட்ஸை விடுங்கள், ஃப்ரேமை (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கையை) பாருங்கள். கடிகார வேகம் 10 சதவீதம் ஏறினால் ஃப்ரேமும் 10 சதவீதம் ஏறும் என்று கட்டாயம் இல்லை. மெமரி பின்தங்கினால் பாதிதான் கிடைக்கும். 1080பி திரையில் விளையாடினால் பல நேரம் சிபியூதான் தடையாக நிற்கும், அப்போது கார்டை ஓவர்கிளாக் செய்து ஒரு பயனும் இல்லை. 1440பி, 4கே திரை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு முழுதாகப் பொருந்தும்.

சிப் ஒன்றுதானா? இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பெயரில் ஒரே எண் இருப்பதால் உள்ளே ஒரே சிப் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒரே சிப்பில் சில பிரிவுகளை அணைத்துவிட்டு, வேகத்தையும் குறைத்து, விலை குறைந்த மாடலாக விற்றால், அந்தக் குறைப்பில் ஒரு பங்கை நாம் திரும்ப எடுக்கலாம். சிப்பே சிறியது என்றால் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

பவர் லிமிட் (கார்டு இழுக்கக்கூடிய மின்சார உச்சம்) எவ்வளவு நகரும்? ட்ரைவர் அனுமதிக்கும் அளவு ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் பயாஸ் (கார்டிலேயே எழுதப்பட்ட அடிப்படை மென்பொருள்) அனுமதிக்கும் அளவு இன்னொன்று. ஒரே மாடலில் இரண்டு நிறுவனங்களின் கார்டுகள் இந்த இடத்தில் வெகுவாக வேறுபடும்.

மறைமுகச் செலவு. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), கேபினட் காற்றோட்டம், கரண்ட் பில், அறைச் சூடு, வாரண்டி, சோதிக்க ஆகும் நேரம்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கினால் வருகிற அளவில் ஏறும். அதாவது வேகத்தை மாற்றாமல் வோல்டேஜை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 10 சதவீதம் அளவுக்குக் குறையும். பவர் லிமிட்டில் முட்டி நிற்கும் கார்டு, மிச்சமான அந்த மின்சாரத்தைத் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் இன்றைக்கு ஓவர்கிளாக்கும் அண்டர்வோல்ட்டும் (வோல்டேஜைக் குறைப்பதும்) தனித்தனி வேலை இல்லை. வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும் பழைய வழக்கத்துக்கு இந்த நான்கு கார்டுகளிலும் இடமே இல்லை.

| | ஆர்எக்ஸ் 9070 | ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி | ஆர்டிஎக்ஸ் 5070 | ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ |
|---|---|---|---|---|
| அறிமுக விலை (டாலர், 2025) | 549 | 599 | 549 | 749 |
| சிப் | நேவி 48 | நேவி 48 | ஜிபி205 | ஜிபி203 |
| கணக்குப் பிரிவுகள் (ஏஎம்டியில் சியூ, என்விடியாவில் எஸ்எம்) | 56 சியூ | 64 சியூ | 48 எஸ்எம் | 70 எஸ்எம் |
| அறிவித்த பூஸ்ட் (மெகாஹெர்ட்ஸ்) | 2520 | 2970 | 2512 | 2452 |
| மெமரி | 16 ஜிபி ஜிடிடிஆர்6 | 16 ஜிபி ஜிடிடிஆர்6 | 12 ஜிபி ஜிடிடிஆர்7 | 16 ஜிபி ஜிடிடிஆர்7 |
| மெமரி அகலம் | 256 பிட் | 256 பிட் | 192 பிட் | 256 பிட் |
| அடிப்படை மின்சாரம் | 220 வாட் | 304 வாட் | 250 வாட் | 300 வாட் |
| பரிந்துரைத்த எஸ்எம்பிஎஸ் | 650 வாட் | 750 வாட் | 650 வாட் | 750 வாட் |
| முதலில் வரும் தடை | பவர் லிமிட் | பவர் லிமிட், மெமரிச் சூடு | மெமரியின் அளவு | வோல்டேஜ் வரம்பு |

## ஆர்எக்ஸ் 9070: கட்டிப்போட்டு விற்ற கார்டு

அட்டவணையில் முதல் இரண்டு பத்திகளை மட்டும் பாருங்கள். சிப் ஒன்று, மெமரி ஒன்று. 64 பிரிவுகளில் 8 அணைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மின்சாரம் 304 வாட்டிலிருந்து 220 வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. பிரிவுகள் குறைந்தது 12.5 சதவீதம்தான், மின்சாரம் குறைந்ததோ 27 சதவீதத்துக்கும் மேல். சிப்பால் முடியாமல் இது இப்படி வரவில்லை. 9070 எக்ஸ்டியிடமிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்பதற்காகவே 9070-க்கு ஏஎம்டி இவ்வளவு குறைவாக மின்சாரம் கொடுத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

காகிதக் கணக்கில் எக்ஸ்டி 35 சதவீதம் வேகமாக இருக்க வேண்டும்: பிரிவுகளில் 14 சதவீதம் அதிகம், அறிவித்த வேகத்தில் 18 சதவீதம் அதிகம். விளையாட்டில் இடைவெளி அவ்வளவு வருவதில்லை, பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்கிறது. 9070 தன் அறிவித்த 2520 மெகாஹெர்ட்ஸைத் தாண்டித்தான் ஓடுகிறது என்பது ஒரு காரணம். எக்ஸ்டியில் மெமரியும் கூடவே வேகமாகவில்லை என்பது இன்னொன்று.

இங்கே முதல் தடை சந்தேகமில்லாமல் பவர் லிமிட்தான். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் அதை 10 சதவீதம் உயர்த்தலாம், அதற்கு மேல் நகராது. 220 வாட் பயாஸ் உள்ள பதிப்பில் 242 வாட் வரை போகும். சில ஓசி பதிப்புகள் (தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்தவை) 245 வாட்டில் தொடங்கும், அவை 270 வாட்டை நெருங்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இந்த மாடலில் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 6000 காலத்தில் மோர்பவர்டூல் மாதிரி ஒரு கருவியை வைத்து இந்த வரம்பைத் தாண்ட முடிந்தது. ஆர்எக்ஸ் 7000-இல் ஏஎம்டி அந்தக் கதவை மூடியது, 9000 தொடரிலும் அது மூடியேதான் இருக்கிறது.

ஆகவே கையில் இருக்கும் ஆயுதம் அண்டர்வோல்ட். பவர் லிமிட்டை 10 சதவீதம் உயர்த்திவிட்டு, வோல்டேஜ் ஆஃப்செட்டை (இயல்பு அளவிலிருந்து கூட்டிக் குறைக்கும் எண்ணை) 20, 30 மில்லிவோல்ட்டாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு படியிலும் கார்டு தானாக வேகம் ஏறும். மின்சாரப் பசியில் இருந்த கார்டு என்பதால் இதில் சதவீத ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். நல்ல சிப் அமைந்தால் ஓவர்கிளாக் செய்யாத எக்ஸ்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

எக்ஸ்டியின் பயாஸை 9070-இல் ஏற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் பவர் லிமிட் எக்ஸ்டி அளவுக்கு உயரும். அணைக்கப்பட்ட 8 பிரிவுகள் திரும்ப வராது. கார்டு நிலையில்லாமல் போவதும் உண்டு, ஏதாவது தவறினால் தனி ப்ரோகிராமர் வைத்து சிப்பில் பழைய பயாஸை எழுத வேண்டும், வாரண்டியும் போய்விடும். புதுக் கார்டில் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சின்ன கேபினட், 650 வாட் எஸ்எம்பிஎஸ், ஏசி இல்லாத அறை. இந்த மூன்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் இந்தக் கார்டுதான் சரி. ஓவர்கிளாக் செய்த பிறகும் எக்ஸ்டியை விடக் குறைவாகத்தான் சூட்டைக் கக்கும்.

## ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: ஏற்கெனவே தள்ளப்பட்ட கார்டு

இதில் ஏஎம்டியே பெரும்பாலான வேலையைச் செய்துவிட்டது. 304 வாட் அடிப்படை அளவு, விலை கூடிய பதிப்புகள் 340 வாட்டிலேயே தொடங்குகின்றன. அதன் மேல் 10 சதவீதம் சேர்த்தால் 374 வாட். அந்தக் கூடுதல் மின்சாரத்துக்குக் கிடைக்கும் பலன் மெலிந்தது. ஏனென்றால் சிப் ஏற்கெனவே தன் வோல்டேஜ்-வேக வளைவின் செங்குத்தான பகுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

இதிலும் அண்டர்வோல்ட்தான் வழி. பெரும்பாலான கார்டுகள் 50 முதல் 100 மில்லிவோல்ட் வரைக் குறைப்பைத் தாங்கும். எது எவ்வளவு தாங்கும் என்பது முழுக்க சிலிக்கான் லாட்டரி, அதாவது கையில் வரும் சிப்பின் அதிர்ஷ்டம். 5 முதல் 10 சதவீத ஃப்ரேம் ஏற்றத்தை நியாயமாக எதிர்பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

மெமரிக்கு வருவோம். அட்ரினலின் இதை 2518 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். 2700 வரை ஏற்றினால் அலைவரிசை (மெமரி கடத்தும் தரவின் அளவு) நொடிக்கு 645 ஜிபியிலிருந்து 690 ஜிபியைத் தொடும், 7 சதவீதம். 4கே-யில் அது தெரியும். ஆனால் இந்தக் கார்டுகளில் மெமரி சாதாரணமாகவே சூடாக ஓடுகிறது. 90 டிகிரியை ஒட்டி நிற்கும் பதிப்புகள் உண்டு. விமர்சகர்கள் 22, 23 டிகிரி அறையில் வைத்து எடுத்த எண்கள் அவை. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் மூடிய அறையில் 35 டிகிரி இருக்கும்போது அந்த 12 டிகிரி வித்தியாசம் அப்படியே கார்டின் மேல் வந்து உட்காரும். நம் ஊரில் இந்தக் கார்டின் மெமரியை ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்கள், முதலில் நல்ல ஹீட்சிங்க் உள்ள பதிப்புக்குப் போங்கள். எக்ஸ்டியின் விலை குறைந்த பதிப்பும் விலை கூடிய பதிப்பும் ஃப்ரேமில் அதிகம் வேறுபடாது, மெமரிச் சூட்டிலும் ஃபேன் சத்தத்திலும்தான் வேறுபடும். கூடுதல் விலை கொடுப்பதாக இருந்தால் அதற்காகக் கொடுக்கலாம்.

16 ஜிபி வேண்டும், ஸ்லைடர்களோடு விளையாட நேரமில்லை, வாங்கிப் போட்டால் ஓட வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஆர்டிஎக்ஸ் 5070: வேகம் ஏறும், பிரச்சினை தீராது

கடிகார வேகம் நன்றாகவே ஏறும். என்விடியாவின் இந்தத் தலைமுறைச் சிப்கள் தொழிற்சாலையில் நிதானமாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. மெமரியும் 28 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்குக் கிகாபிட்) 32-ஐப் பல கார்டுகளில் எட்டும், அப்போது அலைவரிசை 672-இலிருந்து 768 ஜிபி ஆகும்.

அப்புறம் என்ன குறை? 12 ஜிபி. ஒரு விளையாட்டு 13 ஜிபி கேட்டால், ஓவர்கிளாக் செய்த 5070-உம் திணறும், செய்யாததும் திணறும். திக்கித் திக்கி ஓடுவதை எந்த ஸ்லைடரும் சரிசெய்யாது.

5070-ஐ ஓவர்கிளாக் செய்து 5070 டிஐ-யைப் பிடிக்கலாம் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சிப். ஜிபி205-இல் மொத்தமே 50 எஸ்எம்தான், அதில் 48 ஏற்கெனவே வேலை செய்கின்றன. டிஐ-யில் 70. பிரிவுகளில் 46 சதவீத இடைவெளி, அலைவரிசையில் 33 சதவீத இடைவெளி. 9070-க்கும் எக்ஸ்டிக்கும் நடுவே இருப்பது போன்ற உறவு இங்கே கிடையாது.

1440பி-யில் விளையாடுகிறவர், டிஎல்எஸ்எஸ் (ஏஐ மூலம் ஃப்ரேமைக் கூட்டும் என்விடியா வசதி) வேண்டும் என்பவர், என்விடியா கார்டு தேவைப்படும் மென்பொருளில் வேலை செய்பவர், பட்ஜெட் இதற்கு மேல் இல்லை என்பவர் வாங்கலாம். ஓவர்கிளாக் ஆசைக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

## ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: நான்கில் உண்மையாக இடம் இருப்பது

ஓவர்கிளாக்தான் முக்கியம் என்று ஒருவர் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். அறிவித்த பூஸ்ட் 2452 மெகாஹெர்ட்ஸ், நான்கில் இதுதான் குறைவு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 300 மெகாஹெர்ட்ஸ் கோர் ஆஃப்செட் கொடுத்தாலும் பெரும்பாலான கார்டுகள் அசராமல் ஓடுகின்றன. விளையாட்டில் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

இதன் மேலே இருக்கும் ஆர்டிஎக்ஸ் 5080-இலும் இதே ஜிபி203 சிப்தான். அதில் 84 எஸ்எம்மும் வேலை செய்கின்றன, இதில் 70. எக்ஸ்டியும் 9070-உம் போல இவை உடன்பிறப்புகள். மெமரியில் இன்னும் சுவாரசியம். 5080-க்கு 30 ஜிபிபிஎஸ், டிஐ-க்கு 28. டிஐ-யில் 2000 ஆஃப்செட் கொடுத்தால் 32 ஜிபிபிஎஸ் ஆகிவிடும், அலைவரிசை 896-இலிருந்து 1024 ஜிபி. ஓவர்கிளாக் செய்யாத 5080-இன் 960-ஐ அது தாண்டிவிடுகிறது! இந்த இரண்டையும் சேர்த்தால் ஃப்ரேமில் 10 சதவீதத்தை ஒட்டிய ஏற்றம் கிடைக்கும். 5080-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் பெரும் பங்கு அதிலேயே அடைபட்டுவிடும்.

பவர் லிமிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் வீணாகிறது. விலை குறைந்த டிஐ பதிப்புகள் பலவற்றில் 300 வாட்தான் உச்சம், ஸ்லைடரை 100 சதவீதத்துக்கு மேல் தள்ளவே முடியாது. விலை கூடியவை 350 வாட் வரை அனுமதிக்கும். உடனே 350 வாட் பதிப்புக்கு ஓடத் தோன்றும். ஆனால் இந்தக் கார்டு பல விளையாட்டுகளில் 300 வாட்டை முழுதாக இழுப்பதே இல்லை, அதற்கு முன்பே வோல்டேஜ் வரம்பில் நின்றுவிடும். கோர் ஆஃப்செட் செய்வது என்ன? வோல்டேஜ்-வேக வளைவு முழுவதையும் மேலே நகர்த்துகிறது, அதே வோல்டேஜில் கூடுதல் வேகம். அதற்குக் கூடும் மின்சாரம் வேகம் ஏறும் அளவுக்குத்தான். ஆகவே 300 வாட்டில் பூட்டிய பதிப்பிலும் ஓவர்கிளாக்கின் பெரும்பகுதி கிடைத்துவிடும். கூடுதல் 50 வாட் உதவுவது 4கே-யில், பாத் ட்ரேசிங் (ஒளியை முழுதாகக் கணக்கிடும், ரே ட்ரேசிங்கின் கனமான வடிவம்) போட்டு ஓட்டும்போதுதான். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வராது.

எந்தப் பதிப்பின் வரம்பு எவ்வளவு என்று வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் ஒவ்வொரு கார்டின் இயல்பு வாட்டும் உச்ச வாட்டும் இருக்கும். கார்டு கையில் வந்த பிறகு ஜிபியூ-இசட் மென்பொருளின் அட்வான்ஸ்டு பக்கத்திலும் தெரியும்.

ஜிபியூ-இசட் திறந்திருக்கும்போதே ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளைக் கடைசியாக எழுதும் பிரிவு) எண்ணிக்கையையும் பாருங்கள். 5070 டிஐ-யில் 96 இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சில கார்டுகள் 88 ஆர்ஓபியோடு வெளியே வந்துவிட்டன. அரை சதவீதக் கார்டுகளில் இந்தக் குறை இருப்பதாகவும், வேகம் சராசரியாக 4 சதவீதம் குறையும் என்றும் என்விடியாவே ஒப்புக்கொண்டு, மாற்றிக்கொள்ளலாம் என்றது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். பாதி ஓவர்கிளாக்கை விழுங்கும் குறை அது.

இந்தக் கார்டுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. எதிர்ப்பக்கமாகவும் போகலாம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல், எஃப் விசைகளை அழுத்தி வளைவைத் திறந்து, 925 மில்லிவோல்ட்டில் 2800 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டையாக்கினால், தொழிற்சாலை வேகத்தை இழக்காமல் மின்சாரம் கணிசமாகக் குறையும். கோடையில் ஒரு ப்ரொஃபைல், மழைக்காலத்தில் ஒரு ப்ரொஃபைல் என்று வைத்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். நம் ஊருக்கு அது ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

கரண்ட் பில்லை நினைத்துப் பலரும் பயப்படுகிறார்கள், அதில் அவ்வளவு பயம் தேவையில்லை. கூடுதலாக 50 வாட், தினமும் 4 மணி நேரம் விளையாட்டு என்றால் மாதத்துக்கு 6 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் அதில் 12 யூனிட். ஏற்கெனவே ஒரு ஸ்லாபின் விளிம்பில் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கட்டும்.

சூடுதான் பெரிய செலவு. 370 வாட் கார்டும் 100 வாட் சிபியூவும் சேர்ந்தால் அறைக்குள் அரைக் கிலோவாட் ஹீட்டர் ஓடுகிற கணக்கு. ஏசி போட்டால் அதன் மின்சாரம் தனி. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் வைத்திருந்தால், ஓவர்கிளாக் செய்வதற்கு முன்னால் இரண்டு ஃபேன் வாங்குங்கள், அதுவே சில சதவீதத்தை மீட்டுத் தரும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஏஎம்டி கார்டுகளில் பெரும்பாலானவை 8 பின் இணைப்பு கொண்டவை, ஒவ்வொன்றுக்கும் 150 வாட், ஸ்லாட்டிலிருந்து 75 வாட். ஒரே கேபிளின் இரட்டை முனையை இரண்டு சாக்கெட்டிலும் செருகாமல், தனித்தனிக் கேபிள் போடுங்கள். என்விடியாவின் 16 பின் இணைப்பு 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, 350 வாட் அதற்குப் பெரிதல்ல. ஆனால் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள், இணைப்பை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள்.

வாரண்டி. அட்ரினலினில் கைமுறை அமைப்பைத் திறக்கும்போதே ஏஎம்டி எச்சரிக்கை காட்டுகிறது. மென்பொருளில் மாற்றியதை ஒரு க்ளிக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பயாஸ் மாற்றியதையோ, ஹீட்சிங்கைக் கழற்றியதையோ அப்படித் திருப்ப முடியாது. ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், ஹீட்சிங்க் திருகின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அந்த நிறுவனத்தின் இந்திய விதி என்ன என்று கடைக்காரரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

## சோதிக்கும்போது ஏமாறாமல் இருக்க

இந்தத் தலைமுறையில் மெமரி தன் தவறுகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறது. அதனால் அளவுக்கு மீறி ஏற்றினாலும் பல நேரம் திரையில் புள்ளிகள் வராது, க்ராஷும் ஆகாது. சத்தமில்லாமல் வேகம் குறையும். மெமரி எண் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, ஃப்ரேம் இறங்கியதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய. ஒவ்வொரு படிக்கும் 3டிமார்க் சோதனை மென்பொருளின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, அது ஏறுவது நின்ற இடத்திலிருந்து ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள்.

ஏஎம்டி கார்டுகளில் அண்டர்வோல்ட் அதிகமானால் கடினமான சோதனையில் தப்பித்து, லேசான வேலையில் விழும். சுமை குறைந்தால் கடிகார வேகம் உச்சத்துக்குப் போகும், அங்கேதான் வோல்டேஜ் போதாமல் போகும். பழைய, எளிய விளையாட்டு ஒன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். என்விடியாவில் கதை வேறு. சாதாரண விளையாட்டில் நாள் முழுக்க ஓடும் ஆஃப்செட், பாத் ட்ரேசிங் போட்ட நிமிடமே விழலாம். 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடும், 97 சதவீத நிலைத்தன்மை இருந்தால் தேர்ச்சி என்று காட்டும். அதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல.

## கடை விலையை வைத்து முடிவெடுக்கும் வழி

அறிமுக விலைகளை இங்கே மாதிரிக்காக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் நாளின் ரூபாய் விலையை, ஜிஎஸ்டி சேர்ந்த கடைசி விலையாகப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

9070-இலிருந்து எக்ஸ்டிக்கு 50 டாலர், அதாவது 9 சதவீதக் கூடுதல். கிடைக்கும் வேகம் 10 முதல் 15 சதவீதம், அதுவும் ஒரு ஸ்லைடரையும் தொடாமல். இந்த இடைவெளியில் எக்ஸ்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம், 9070-ஐ ஓவர்கிளாக் செய்து பிடிக்கும் முயற்சிக்கு அர்த்தம் குறைவு. கடையில் இடைவெளி 15 சதவீதத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். அப்போது 9070-ஐ வாங்கி அண்டர்வோல்ட் செய்யுங்கள்.

5070-இலிருந்து டிஐ-க்கு 200 டாலர், 36 சதவீதம். இதை ஓவர்கிளாக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், 4 ஜிபி கூடுதல் மெமரியும் பெரிய சிப்பும் உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எக்ஸ்டியிலிருந்து டிஐ-க்கு 150 டாலர், 25 சதவீதம். ரே ட்ரேசிங் இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் தொழிற்சாலை நிலையில் அருகருகே இருக்கும். பாத் ட்ரேசிங்கில் டிஐ தெளிவாக முன்னால் போகும், ஓவர்கிளாக்கிலும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். ரே ட்ரேசிங் போடாதவர்கள் இந்த 25 சதவீதத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

டிஐ-யிலிருந்து 5080-க்கு 250 டாலர், 33 சதவீதம். தொழிற்சாலை நிலையில் வேக இடைவெளி 15 சதவீதம் அளவுதான், மெமரி இரண்டிலும் அதே 16 ஜிபி. ஓவர்கிளாக் தன் கூலியை முழுதாகச் சம்பாதிப்பது இந்த ஒரு இடத்தில்தான். 5080-ஐ நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள், 300 வாட்டில் பூட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று விலை குறைந்த ஒரு டிஐ பதிப்பை வாங்கி, ஒரு வார இறுதியைச் சோதனைக்கு ஒதுக்கினால் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல 1440பி திரைக்கு வழி பிறக்கும்.